பதினொரு தடவை வெட்டிய வைக்கோல்

செவ்வாய்க்கிழமை காலையிலும் பஸ் டிக்கெட் கிழியவில்லை.

வைக்கோல்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கி, இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். புதிதாகக் கட்டும் மண் கட்டிடத்தின் வாசலுக்கு மேலே, சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த தடித்த மண் கூரைக்கு வேலையாட்கள் வைத்த பெயர் மூக்கு. இரண்டு இரும்பு பீரோக்களைத் துணிமணியோடு தூக்கி அந்தரத்தில் வைத்தால் என்ன எடை இருக்குமோ, அந்த எடை. மூக்கு சுவரோடு சேரும் இடத்தில், பக்கவாட்டில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். விரிசலுக்குக் குறுக்கே கோந்து தடவி அவர் ஒட்டியிருந்த பழைய பஸ் டிக்கெட். விரிசல் வளர்ந்தால் டிக்கெட் கிழியும். கிழியாதவரை பயமில்லை. அவருடைய பழைய ஆபீஸ் சுவர் வெடித்தபோது பார்க்க வந்த இன்ஜினியர் இப்படித்தான் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். அந்த ஆபீஸ் கட்டிடம் இப்போது இல்லை என்பதை நினைக்காமலிருக்க வைக்கோல்காரர் முயன்றார்.

அந்த மூக்குக்கு நேர் கீழே, அதே ஸ்டூலில் ஏறி நின்று, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்குள் அடிப்பக்கம் முழுவதையும் பூசி முடிக்க வேண்டியவர் அவருடைய மனைவி.

மனைவி ஒன்பது மணிக்கு வந்தார். பூச்சு வேலையில் அந்தக் கூடத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியை ஸ்டூலில் வைத்து, தானும் ஏறினார். வைக்கோல்காரர் உடனே டீ வாங்கிவரப் போனார். அது அவருடைய மனைவி அன்று காலையில் குடிக்கப்போகும் மூன்று டீக்களில் முதலாவது.

மண் வீடு கட்டக் கற்றுத்தரும் அந்தக் கூடத்தை நடத்துபவரை எல்லாரும் பேராசிரியர் என்பார்கள். அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் எடுத்ததில்லை; முன்பு குளியலறை டைல்ஸ் விற்றவர் என்று மேஸ்திரி சொல்வார். ஒருநாள் மண் அவரைக் கூப்பிட்டது. அன்றிலிருந்து அவர் கூடத்துக்குள் செருப்புப் போடுவதில்லை. காரிலிருந்து கூடத்து வாசல்வரை மட்டும் ஒரு பாய் விரித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்துச் சுவர் எழுப்புவதை மனிதன் மறந்ததால்தான் உலகத்தில் இத்தனை கோபமும் முதுகுவலியும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நான்காவது மாடியில் இருந்த தன் வீட்டின் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து இதைப் பற்றி அவர் நிறைய எழுதினார்.

பொருள்களுக்கு இருக்கும் பெயர் அவருக்குப் போதவில்லை. வைக்கோல் என்று யாரும் சொல்லக் கூடாது, சூரிய நரம்பு. மிதித்துக் குழைப்பது சங்கமம். மூக்கு என்பது வரவேற்பின் இமை. கூலியாட்கள் சக படைப்பாளிகள். சக படைப்பாளிகளுக்குக் கழிப்பறை தனி. வைக்கோல்காரருக்கு அவர் கொடுத்த அட்டையில் 'இழைத் தலைமை ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சடித்திருந்தது. அவருக்குக் கீழே ஒருங்கிணைக்க ஆள் யாரும் இல்லை. வைக்கோல் மட்டும் இருந்தது.

ஆனால் வேலை உண்மையான வேலை. கட்டைப் பிரித்ததும் முகர்ந்து பார்க்க வேண்டும். பூஞ்சை வாடை அடித்தால் தள்ளிப் போட்டுவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்க்க வேண்டும். பொடிப்பொடியாக ஒடிந்தால் மட்கின சரக்கு, வளைந்து கொடுத்தால் நல்ல சரக்கு. உதறித் தூசியையும் தானியத்தையும் கொட்டிவிட வேண்டும். மணி தங்கினால் சுவரில் பயிர் முளைக்கும். பிறகு இரண்டு குவியல். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளமுள்ள வைக்கோல் சுவருக்கு. அது மண்ணுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுவரை இழுத்துப் பிடிக்கும். இரண்டு விரற்கடை அளவுக்கு வெட்டின துண்டு வைக்கோல் மேல்பூச்சுக்கு. அது பூச்சு வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. துண்டு போட மட்டும்தான் மூலையில் மாட்டுத்தீவனம் வெட்டும் மிஷின் ஒன்று இருந்தது. கைப்பிடியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் ஒரு வாயில் வைக்கோல் உள்ளே போகும், மறு வாயில் துண்டுகளாகப் பறந்து வரும்.

அந்த மிஷினால்தான் வினை.

மூன்று வாரத்துக்கு முன்னால், கூடத்தைப் பற்றிப் படம் எடுக்க ஒரு கேமராக்காரர் வந்திருந்தார். துண்டு வைக்கோல் வெயிலில் பொன்னாகப் பறப்பதைப் பார்த்து அவர் சொக்கிப்போனார். பறக்கிற வைக்கோலுக்குப் பின்னால் பேராசிரியர் கைகளை விரித்து நிற்பதாக ஏற்பாடு. முதல் தடவை நன்றாக வந்தது. ஆனால் தன் கண் மூடியிருந்ததோ என்று பேராசிரியருக்குச் சந்தேகம். இரண்டாவது தடவை தும்மிவிட்டார். மூன்றாவது தடவை வெயிலை மேகம் மறைத்தது. நான்காவதில் முகம் அளவுக்கு மீறி மகிழ்ச்சியாக இருந்ததாம். மண்ணோடு வாழ்பவனுக்கு லேசான சோகம் வேண்டும் என்று ஐந்தாவது எடுத்தார்கள். சோகம் அதிகமாகிவிட்டதால் ஆறாவது.

ஆறாவது தடவைக்கு மிஷினில் போட எதுவும் மிச்சமில்லை. பேராசிரியரின் கை நீளக் குவியலைக் காட்டியது.

ஐயா, அது சுவருக்கு வைத்தது என்று வைக்கோல்காரர் சொன்னார். காட்சியும் ஒரு சுவர்தான் என்று பேராசிரியர் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்கு அர்த்தம் யோசித்துக்கொண்டே வைக்கோல்காரர் சக்கரத்தைச் சுற்றினார். அர்த்தம் பிடிபடுவதற்குள் பதினொன்றாவது தடவையும் முடிந்து, நீளக் குவியல் இருந்த இடத்தில் பெருக்கித் தள்ளவேண்டிய குப்பைதான் கிடந்தது. கடைசியில் படத்தில் சேர்த்தது முதல் தடவை எடுத்ததைத்தான்.

மறுநாள் மூக்கு கட்ட வேண்டிய நாள். சுவரில் மாட்டியிருந்த அட்டவணை அப்படிச் சொன்னது. புது வைக்கோல் லாரி வர இன்னும் மூன்று நாள் என்பது அட்டவணைக்குத் தெரியாது. தார்ப்பாயில் மண்ணும் மணலும் தண்ணீரும் கலந்து தயாராக இருந்தது. ஒவ்வொரு கலவைக்கும் 'இழைச் சான்று' என்று ஒரு சீட்டு உண்டு. 'நீள இழை: சரி' என்ற இடத்தில் ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். மேஸ்திரி சீட்டை நீட்டினார்.

"தம்பி, நீளம் இல்லியே" என்றார் வைக்கோல்காரர்.

"துண்டை டபுளா போட்டுருவோம்ணே. ரெண்டு துண்டு சேர்ந்தா ஒரு நீளந்தானே?"

இந்தக் கணக்கில் எங்கோ ஓட்டை இருப்பது வைக்கோல்காரருக்குத் தெரிந்தது. ஆனால் பேனா கைக்கு வந்துவிட்டது. பார்சல் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டவர் அவர். ஒரு பார்சலையும் திறந்து பார்த்ததில்லை. கை தானாகவே போட்டுவிட்டது.

மிதித்து முடித்த கலவையில் ஒரு உருண்டையை எடுத்து இரண்டாகப் பிய்த்துப் பார்ப்பது வழக்கம். நல்ல கலவை லேசில் பிரியாது. உள்ளே வைக்கோல் இழுத்துப் பிடிக்கும். இது டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. யாரும் பார்க்கவில்லை. அவர் இரண்டு பாதியையும் சேர்த்து அமுக்கி, தட்டிக் கொடுத்து, குவியலோடு போட்டுவிட்டார். மேஸ்திரிக்கு ஞாபகம் என்பது மத்தியானச் சாப்பாட்டோடு செரித்துப்போகிற பொருள். ஆகவே அன்று மாலைக்குள் இந்த விஷயம் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான்.

மூக்கு காயும்வரை கீழே ஆறு முட்டுக் கழிகள் தாங்கின. இந்த வாரத் திங்கட்கிழமை, கேமராவில் கழிகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று பேராசிரியர் அவற்றை எடுக்கச் சொன்னார். கழிகள் நம்பிக்கையின்மையின் அடையாளம் என்றும் சொன்னார். எடுத்த ஒரு மணி நேரத்தில் விரிசல் வந்தது.

மனைவியிடம் சொல்லிவிடலாம். வைக்கோல்காரர் அதை நினைக்காத நேரமில்லை. ஆனால் ஆபீசை மூடிய பிறகு எட்டு மாதம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவரை இங்கே சேர்த்துவிட்டதே அவர் மனைவிதான். பேராசிரியரிடம் அன்று சொன்ன வார்த்தையும் அவருக்கு மறக்கவில்லை: எங்க வீட்டுக்காரர் ரொம்பக் கவனமானவர். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் மனைவி தன்னைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லிக் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது. அதை வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

ஆகவே சொல்வதற்குப் பதிலாக அவர் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போகிறது. என் மூக்குக்கண்ணாடியைக் காணோம், பார்த்தாயா. வீட்டிலிருந்து போன் வந்தது போலிருந்தது. முதுகில் ஏதோ ஊர்கிறது, கொஞ்சம் பார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கி, கையைத் துடைத்து, நடந்து வந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போனார். மூக்குக்குக் கீழே இல்லாத இரண்டு நிமிடம். வைக்கோல்காரர் அந்த நிமிடங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தார்.

அண்ணனுக்கு அண்ணி மேல் திடீர்ப் பாசம் என்று மேஸ்திரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று மனைவியே ஒருமுறை கேட்டுவிட்டார். "கல்யாணமான புதுசுலகூட இப்படிக் கூப்பிட்டதில்ல. டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

புதன்கிழமை அவர் ஒரு தைரியம் செய்தார். முட்டுக் கழி ஒன்றைக் கொண்டுவந்து மூக்குக்கு அடியில் நட்டு, அதில் ஒரு ஈரத்துண்டைக் காயப்போட்டார். யார் கேட்டாலும் துண்டு காய்கிறது என்று சொல்லிவிடலாம். பத்தே நிமிடத்தில் பேராசிரியர் அந்தப் பக்கம் வந்தார். துண்டை இரண்டு விரலால் எடுத்து அவர் கையில் கொடுத்தார். கழியை மேஸ்திரி கையில் கொடுத்தார். தாங்கப்படுகிற சுவர் தன்னம்பிக்கையை இழந்துவிடும் என்றார். வைக்கோல்காரர் ஈரத்துண்டோடு நின்றார்.

வியாழக்கிழமை அவர் வருவதற்குள் மனைவி வேலையை ஆரம்பித்திருந்தார். திறப்பு விழா நெருங்கிவிட்டது, சீக்கிரமே வந்துவிட்டாராம். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அன்றைய முதல் டீயோடு வைக்கோல்காரர் போய் நின்றார். அந்த அம்மா ஸ்டூலிலிருந்து குனிந்து டீயை வாங்கி வைத்துவிட்டு, அவர் உள்ளங்கையில் எதையோ வைத்தார்.

"யாருங்க இது, பூசுற இடத்துல பஸ் டிக்கெட்ட ஒட்டினது? பாதிதான் வந்துச்சு. மீதி அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு."

வைக்கோல்காரர் அந்தப் பாதி டிக்கெட்டைப் பார்த்தார். அது கிழிந்திருந்த ஓரம் நேர்க்கோடாக இருந்தது.

"நீ கிழிச்சியா?"

"நான் எதுக்குக் கிழிக்கிறேன்? கிழிஞ்சேதான் இருந்துச்சு."

"இறங்கு" என்றார் அவர். "முதல்ல இறங்கு."

"எதுக்கு, முதுகுல பூச்சியா?"

அப்போது அவர் சொன்னார். கோர்வையாகச் சொல்லவில்லை. டிக்கெட்டில் ஆரம்பித்து, சீட்டுக்குப் போய், பிஸ்கட்டைத் தொட்டு, பேராசிரியரின் சோகத்தில் வந்து முடித்தார். அந்த அம்மா ஸ்டூலின் மேலேயே நின்று, கரணையில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் வழித்துக்கொண்டே கேட்டார்.

"பதினோரு தடவையா?"

"ம்."

"நீங்க தடுக்கலியா?"

"சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

"மெதுவா."

அவர் மனைவி தலைக்கு மேலே பார்த்தார். பூச்சு இன்னும் ஈரமாகப் பளபளத்தது.

"மூணு நாளா நான் இதுக்கு அடியில நிக்கிறேன்."

"அதான் டீ வாங்கிக் குடுத்துக்கிட்டே இருந்தேன்" என்றார் வைக்கோல்காரர். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்பது அவருக்கே தெரிந்தது.

அந்த அம்மா கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. போய்ப் பேராசிரியரிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். வைக்கோல்காரர் மணியைப் பார்த்தார். பத்தாகிவிட்டது. பத்திலிருந்து பதினொன்றுவரை மௌன நேரம். மண் மட்டும்தான் பேசும், மனிதர் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவரை மறுநாள் வரவேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார்கள். பதினொன்றுக்கு மேல் சொல்கிறேனே என்றார்.

"சரி. அப்ப பதினோரு மணி வரைக்கும் நான் இங்கயே பூசிக்கிட்டிருக்கேன்" என்றார் மனைவி. "நீங்க நிதானமா சொல்லிட்டு வாங்க."

கரணையை உயர்த்தி மறுபடியும் பூச ஆரம்பித்துவிட்டார்.

மௌனத்துக்கான கொட்டகை நூறு அடி தூரத்தில் இருந்தது. வைக்கோல்காரர் கால்களில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் போல ஓடினார். ஓடுகிற சத்தம்கூட மௌனத்தில் சேராது என்பது பாதி வழியில் ஞாபகம் வந்து, நுனிக்காலில் ஓடினார். கொட்டகையில் பயிற்சிக்கு வந்த பதினான்கு பேர் ஆளுக்கொரு மண் உருண்டையைக் காதருகே வைத்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மேடையில் பேராசிரியர். அவர் கழுத்தில் ஒரு சின்னச் சிலேட்டு தொங்கியது. மண் பேசும் நேரத்தில் அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எழுதிக் காட்டுவார். அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

வைக்கோல்காரர் மேடையருகே போய்க் கையால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். பேராசிரியர் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வைக்கோல்காரர் இல்லை இல்லை என்று தலையாட்டி, தொலைவில் வாசலைக் காட்டி, இரண்டு கைகளையும் மேலிருந்து கீழே போட்டுக் காட்டினார். பேராசிரியர் புன்னகையோடு சிலேட்டில் எழுதினார்.

'பிறகு.'

இருபத்திரண்டு வருடப் பழக்கம் வைக்கோல்காரரைத் தலையாட்ட வைத்தது. திரும்பி நடக்கவும் வைத்தது. இரண்டு அடி எடுத்து வைத்தும்விட்டார். கொட்டகையின் இரண்டு தூண்களுக்கு நடுவே வாசலும் மூக்கும் தெரிந்தன. கீழே என்ன இருக்கிறது என்பதை மண் குவியல் ஒன்று மறைத்தது. மூக்கு லேசாகத் தொங்கினாற்போல் இருந்தது. கண்ணில் நீர் நின்றதால் அப்படித் தெரிந்ததா என்று அவருக்கு நிச்சயமில்லை.

திரும்பி நின்று பேசினார். இவ்வளவு நேரம் அடக்கியிருந்ததால் குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

"ஐயா, மூக்கு விழப்போகுது. அதுல நீள வைக்கோல் ஒண்ணுகூட இல்ல. நீங்க கைய விரிச்சுக்கிட்டு நின்னீங்களே, அன்னைக்கு எல்லாத்தையும் வெட்டிட்டோம். நாந்தான் சரின்னு கையெழுத்துப் போட்டேன். என் சம்சாரம் அதுக்கு அடியில நிக்கிறா."

பதினான்கு ஜோடிக் கண்கள் திறந்தன. ஒரு மண் உருண்டை தரையில் விழுந்தது. பேராசிரியர் முகத்தில் ஒரு கணம் டைல்ஸ் வியாபாரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு சிலேட்டைத் துடைத்து, அழகான கையெழுத்தில் எழுதி, சபைக்குக் காட்டினார்.

'விரிசல் என்பது சுவரின் சுவாசம்.'

பயிற்சிக்கு வந்தவர்களில் மூன்று பேர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

கேமராக்காரர் கள்ளம் கபடம் இல்லாதவர். எப்படியும் மௌனம் கலைந்துவிட்டது, இனி பேசலாம் போலிருக்கிறது என்று அவர் முடிவுசெய்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் மூக்கின் மேல் ஏறி நின்று விருந்தினர்களை வரவேற்பதாக ஒரு காட்சி இருந்தது.

"ஐயா, அப்ப அந்த மேல ஏறி நிக்கிற ஷாட்ட இப்பவே எடுத்துரலாமா? வெளிச்சம் அருமையா இருக்கு. ஏணியும் அங்கேயேதான் கிடக்கு."

பேராசிரியர் ஏணியைப் பார்த்தார். ஏணிக்கு மேலே மூக்கைப் பார்த்தார். சிலேட்டைச் சட்டைக் கையால் துடைத்து, 'இன்று வேண்டாம்' என்று எழுதினார். இந்தத் தடவை கையெழுத்து அவ்வளவு அழகாக இல்லை.

"சுவாசந்தானேங்க ஐயா?" என்றார் கேமராக்காரர், கேமராவைத் திருப்பிக்கொண்டே.

பதினான்கு பேரும் இப்போது சிலேட்டைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தார்கள். நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பேராசிரியர் மௌன நேரத்தில் வாய் திறந்தார்.

"அந்த முட்டுக் கழியெல்லாம் எங்கய்யா வச்சிருக்கீங்க?"

அதற்கு அவர் வைத்திருந்த உயர்ந்த பெயர் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வைக்கோல்காரர் பதிலுக்கு நிற்கவில்லை. நூறு அடியையும் முழுக்காலில் ஓடி, மண் குவியலைச் சுற்றி வந்தார். மூக்குக்குக் கீழே ஸ்டூல் இருந்தது. ஸ்டூல் மேல் வாளி இருந்தது. மனைவி இல்லை.

எதிரே, நாலு எட்டு தள்ளி, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து அந்த அம்மா ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ... அடியில நிக்கிறேன்னு..."

"எனக்கென்ன பைத்தியமா? நீங்க அந்தப் பக்கம் திரும்புனதும் இறங்கிட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "நிக்கிறேன்னு சொல்லலன்னா நீங்க பாதி வழியில ஒரு டீயோட திரும்பி வந்திருப்பீங்க. சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"மெதுவாவா?"

"இல்ல. எல்லாருக்கும் கேட்டுச்சு."

அவர் மனைவி வாளியை எடுக்க வேண்டும் என்று எழுந்தார். வைக்கோல்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஊரார் முன்னால் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. வாளி போனால் போகட்டும் என்றார். பூச்சு மண் காய்ந்துவிடும் என்றார் மனைவி. காயட்டும் என்றார் இவர். இந்த வாக்குவாதம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு கனமான மூட்டையை யாரோ பார்த்து இறக்கி வைத்த மாதிரி, தொப்பென்று ஒரு சத்தம். தூசி எழுந்து அவர்கள் இருவரையும் மூடியது. அடங்கியபோது, கழிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேஸ்திரி வாயைத் திறந்தபடி நின்றார். மூக்கு இருந்த இடத்தில் சுவர் மழுங்கி, வழவழவென்று இருந்தது. கத்தியால் வெட்டியதுபோன்ற முறிவு. தொங்குவதற்கு ஒரு வைக்கோல்கூட இல்லை. கீழே ஸ்டூலின் நான்கு கால்களும் நான்கு திசையில் விரிந்து கிடந்தன. வாளி தட்டாகியிருந்தது.

மனைவியின் மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை.

"ரெண்டு துண்டு சேர்ந்தா ஒரு நீளம்னு எவன் சொன்னது?" என்று அந்த அம்மா மெல்லிய குரலில் கேட்டார்.

மேஸ்திரி தோளிலிருந்த கழிகளைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, அவற்றை எண்ண ஆரம்பித்தார்.

பேராசிரியர் வந்து சேர்வதற்குள் அவருக்கு வார்த்தைகள் திரும்பிவிட்டன. பயிற்சிக்கு வந்தவர்களை அரைவட்டமாக நிறுத்தி, நாம் கண்டது வீழ்ச்சி அல்ல, மண் மண்ணிடம் திரும்பிய தருணம் என்றார். நெகிழ்ந்துபோன ஒரு பெண் குனிந்து ஒரு கட்டியை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். அடுத்த பயிற்சி வகுப்பிலும் இது உண்டா என்று ஒருவர் கேட்டார். யோசிக்க வேண்டும் என்றார் பேராசிரியர். உண்மையாகவே யோசிப்பவர் போலத்தான் இருந்தார். திறப்பு விழா மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

மாலைக்குள் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று வைக்கோல்காரர் தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. ஓர் ஆளை அனுப்புவதென்றால் ஏன் என்று ஆவணத்தில் எழுத வேண்டும். எழுதினால் அது பேராசிரியர் கைகளை விரித்து நின்ற இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே வைக்கோல்காரர் இழைத் தலைமை ஒருங்கிணைப்பாளராகவே நீடித்தார். வீட்டில் மட்டும் நாலு நாள் அவருக்கு டீ கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஒரு டம்ளர் அவர் முன்னால் வந்து கொஞ்சம் பலமாகவே உட்கார்ந்தது. அவர் அதைச் சூடு ஆறாமல் குடித்தார்.

அன்றைக்கே அடுத்த வைக்கோல் லாரியும் வந்தது. வைக்கோல்காரர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்தார். முகர்ந்தார். முறுக்கினார். உதறினார். முழங்கையில் வைத்து அளந்து நீளக் குவியலை அடுக்கினார். சீட்டில் 'சரி' என்ற இடத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு வைக்கோலையே மடித்து ஒட்டி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டார். சீட்டைப் பார்த்த மேஸ்திரி இது எந்த ஃபைலில் போகும் என்று கேட்டார். எதிலும் அடங்காது, எல்லார் கண்ணிலும் படட்டும் என்றுதான் ஒட்டினேன் என்றார் இவர்.

மணி பத்தடித்தது. மௌனம் விழுந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பேராசிரியரும் கேமராக்காரரும் வைக்கோல் கொட்டகைக்குள் வந்தார்கள். பழைய படத்தில் ஏதோ ஒரு துண்டு சேதமாகிவிட்டது போலிருந்தது. பேராசிரியர் மிஷினைக் காட்டினார். சக்கரம் சுற்றுவதுபோல் கையைச் சுற்றினார். நீளக் குவியலைக் காட்டினார். முகத்தில் லேசான சோகம் தயாராகவே இருந்தது. சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

'ஒரே ஒரு முறை.'

வைக்கோல்காரருக்குத் தலையாட்டத்தான் தோன்றியது. அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் போய்விடாது. அவர் மிஷினைப் பார்த்தார். காலையில் அவர் கழற்றிக் கொடுத்த அதன் கைப்பிடி இப்போது மனைவியின் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது. அதைச் சொல்ல முடியாது, மௌன நேரம்.

அவர் எழுந்தார். பேராசிரியரின் கழுத்திலிருந்த சிலேட்டை, அவரும் கூடவே குனியும்படி, மரியாதையாகத் தன் பக்கம் இழுத்தார். சாக்பீஸை வாங்கினார். 'ஒரே ஒரு முறை' என்பதன் கீழே பொறுமையாக எழுதினார்.

'பிறகு.'

பிறகு குவியலின் மேல் போய் உட்கார்ந்து, அடுத்த பிடியை எடுத்து முறுக்கிப் பார்த்தார்.